நாற்காலியிலும் படிவத்திலும் இருக்கிற மரியாதை

1950களில் அமெரிக்காவின் தென் கரோலினாக் கரையோரம் உள்ள ஜான்ஸ் தீவில், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தீவில் வாழ்ந்த கறுப்பின மக்களில் பலருக்கு எழுத்து தெரியாது. வயதுவந்தோருக்கான எழுத்தறிவு வகுப்பு அங்கே ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பணமும் ஒதுக்கியிருந்தார்கள். ஆள்தான் வரவில்லை. விசாரித்தபோது தெரியவந்த காரணங்களில் ஒன்று, மேசை. சின்னப் பிள்ளைகளின் மேசைக்குள் கால்களை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

1957 ஜனவரியில், டென்னசி மாநிலத்தில் வயதுவந்தோருக்குப் பயிற்சி தந்த ஹைலாண்டர் பள்ளியின் துணையோடு அதே தீவில் வேறொரு வகுப்பு தொடங்கியது. பாடம் நடத்த வந்த பெர்னிஸ் ராபின்சன் அழகுநிலையத் தொழில் செய்தவர். ஆசிரியப் பயிற்சி பெறாதவர். வேண்டுமென்றேதான் அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் வந்தால் மேலே நின்றுகொண்டு பேசுவார் என்ற பயம். கூட்டுறவுக் கடையின் பின்னறையில் 14 பேர் கூடினார்கள். தான் கொண்டுவந்த தொடக்கப்பள்ளிப் பாடங்கள் இவர்களுக்குப் பொருந்தாது என்று கண்டதும் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார் ராபின்சன். தன் பெயரைத் தானே எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்பத் தெரிய வேண்டும், வாக்காளர் விண்ணப்பத்தை வாசிக்க வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. இந்த மாதிரி பின்னர் தென் மாநிலங்கள் எங்கும் குடிமைப் பள்ளிகளாகப் பரவியது.

முதல் வகுப்பை நடத்தியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. நல்லெண்ணம் இரண்டு இடத்திலும் இருந்திருக்கலாம். மேசையின் உயரம், கையில் கொடுத்த புத்தகம், முன்னால் நின்ற ஆள், முதலில் பேசியது யார் என்பவைதான் வேறு. பண்பாட்டு வேறுபாட்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மனப்பான்மையைப் பற்றியே பேசுகிறோம். பயிற்சிகளும் மனதைத் திருத்தவே முயல்கின்றன. எங்கள் கருத்தில், ஏற்பாட்டைத் திருத்துவது அதைவிட எளிது, பலனும் சீக்கிரம் தெரியும்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது

"இந்த நாட்டுக்காரர்கள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள், அந்த நாட்டுக்காரர்கள் நேரம் தவறுவார்கள்" என்கிற வகைக் கையேடுகள் ஏராளம். அரசு ஊழியர் பயிற்சியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் இவை இன்றும் ஓடுகின்றன. இவற்றில் பலவற்றுக்கு மூலம் நெதர்லாந்து உளவியலாளர் ஹெயர்ட் ஹாஃப்ஸ்டெட் 1980இல் வெளியிட்ட ஆய்வு. 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டுக் கிளை ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து நாட்டுக்கு நாடு சராசரி கண்டார் அவர். சராசரி நாட்டைப் பற்றியது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றியதல்ல. இதை ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். அது போக, ஒரு பன்னாட்டுக் கணினி நிறுவன ஊழியரின் விடையை வைத்து அதே நாட்டிலிருந்து வந்த விவசாயக் கூலித் தொழிலாளியை அளக்க முடியாது.

1998இல் மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் மருத்துவக் கல்வி பற்றி எழுதியபோது வேறு திசையைக் காட்டினார்கள். பிறர் பண்பாட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டதாக மருத்துவர் நினைத்துக்கொள்வதே ஆபத்து; பண்பாட்டுப் பணிவுதான் தேவை என்றார்கள். தன்னைத் தொடர்ந்து சோதித்துக்கொள்வது, நோயாளிக்கும் தனக்கும் இடையில் உள்ள அதிகாரச் சமமின்மையைச் சரிசெய்வது என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் இது அப்படியே பொருந்தும். நடைமுறையில் இதன் அர்த்தம்: ஊகிக்காமல் கேட்பது, கேட்பதற்கு வசதியான இடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது.

பெயர்ப் பெட்டி

சேர்க்கைப் படிவம்தான் முதல் சந்திப்பு. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் இருந்தால், ஒற்றைப் பெயர் உள்ளவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். தகப்பன் பெயரையோ ஊர்ப் பெயரையோ பின்பாதியில் போட்டுச் சமாளிப்பார். அடுத்த அலுவலகத்தில் வேறு மாதிரி போடுவார். பிறகு இரண்டு சான்றிதழும் ஒத்துப்போகாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்று எழுத்து அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அது பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று போகும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு வருவது அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

சரியான வடிவம் கடினமில்லை. அடையாள ஆவணத்தில் உள்ளபடி முழுப்பெயருக்கு ஒரே நீளமான பெட்டி. எழுத்து எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வேண்டாம். அதன் கீழே, "உங்களை எப்படி அழைக்க வேண்டும்?" என்று இன்னொரு பெட்டி. வருகைப் பதிவேடு இரண்டாவது பெட்டியிலிருந்து தயாராக வேண்டும், சான்றிதழ் முதல் பெட்டியிலிருந்து. இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் வழக்கமான தவறு.

அழைக்கும் முறையில் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லோரும் எல்லோரையும் வெறும் பெயர் சொல்லி அழைப்பதே சமத்துவம் என்று சில நிறுவனங்கள் விதி வைக்கின்றன. 25 வயது பயிற்றுநர் 60 வயதுக்காரரை வெறும் பெயரிட்டுக் கூப்பிட்டால், அந்தப் பெரியவருக்கு அது சமத்துவமாகத் தெரிய வேண்டிய அவசியமில்லை. அதே வகுப்பில் இன்னொருவருக்கு, மரியாதைச் சொல் சேர்த்து அழைப்பது தன்னைத் தள்ளி நிறுத்துவதாகப் படலாம். பொது விதி எதுவும் இங்கே வேலைக்கு ஆகாது. அந்த இரண்டாவது பெட்டிதான் வழி. உச்சரிப்பு வராவிட்டால் சுருக்கி ஒரு செல்லப்பெயர் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். முதல் நாள் ஒரு முறை கேட்டு, தன் எழுத்தில் குறித்துக்கொண்டு, வீட்டில் சொல்லிப் பார்க்கலாம். மீண்டும் தவறினால் தனியாகக் கேட்கலாம். தினமும் வகுப்பு நடுவில் "உங்கள் பெயர் என் வாயில் நுழையவே மாட்டேன் என்கிறது" என்று சிரிப்பது, அந்த ஒருவரை மட்டும் தினமும் வேடிக்கைப் பொருளாக்குவது.

மதம், திருமண நிலை, கணவர் பெயர் ஆகியவற்றைக் கேட்கும் பெட்டிகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்தத் தகவலை அலுவலகத்தில் யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் பெட்டியை எடுத்துவிடலாம்.

கேள்விக்குப் பிறகு வரும் அமைதி

எங்கள் அனுபவத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் பள்ளி வகுப்புகளைப் பதிவுசெய்து அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பதில் சொல்பவர்கள் கூடினார்கள், விடை சொல்லாமல் விடுவது குறைந்தது. இவை பிள்ளைகளின் வகுப்புகள், பெரும்பாலும் தாய்மொழியில் படித்தவை. இரண்டாம் மொழியில் படிக்கும் வயதுவந்தவருக்கு மூன்று விநாடி எம்மாத்திரம்? கேள்வியைத் தன் மொழிக்குக் கொண்டுபோய், விடையை யோசித்து, திரும்ப மொழிபெயர்த்து, இலக்கணம் சரிபார்த்து வாய் திறப்பதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் பதில் சொல்லி முடித்திருப்பார்.

உரையாடலின் வேகம் மொழிக்கு மொழி வேறு என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் மிகைப்படுத்தாமல். 2009இல் வெளியான பத்து மொழிகளின் ஒப்பாய்வு ஒன்றில், கேள்விக்கும் பதிலுக்கும் இடைவெளி சராசரியாக ஜப்பானிய மொழியில் 7 மில்லி விநாடி, டேனிஷ் மொழியில் 469 மில்லி விநாடி. அரை விநாடிகூட இல்லாத வித்தியாசம்தான். எல்லா மொழியினரும் அடிப்படையில் ஒரே மாதிரி முறை வைத்தே பேசுகிறார்கள் என்பதே அந்த ஆய்வின் முக்கிய முடிவு. ஆனாலும் அந்தச் சிறு வித்தியாசத்தைக் காது கவனித்துவிடுகிறது. வேகமாகப் பழகியவருக்கு மற்றவர் தயங்குவதுபோல் தெரியும். மெதுவாகப் பழகியவருக்கு எதிராளி குறுக்கே விழுவதுபோல் தெரியும். நேர்முகத் தேர்வில் "தன்னம்பிக்கை போதாது" என்று குறிப்பெழுதப்படும் விண்ணப்பதாரர்களில் சிலர் இந்த அரை விநாடியில் தோற்றவர்களாக இருக்கக்கூடும்.

அமைதிக்கு வேறு காரணங்களும் உண்டு. மூத்தவர் பேசுமுன் பேசக்கூடாது என்று வளர்ந்தவர் இருப்பார். உடனே பதில் சொல்வது யோசிக்காமல் பேசுவது என்று நினைப்பவர் இருப்பார். புரியவில்லை என்று சொன்னால் ஆசிரியரைக் குறை சொன்னதாகிவிடும் என்று கருதுபவரும் இருப்பார். ஆகவே "புரிந்ததா?" என்பது வீண் கேள்வி, எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில், "இந்த விண்ணப்பத்தில் முதலில் நிரப்புவது எது, கையெழுத்தா, தேதியா?" என்று செய்துகாட்டும்படி கேட்டால் புரிந்ததும் புரியாததும் தெரிந்துவிடும்.

கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். ஒரு நிமிடம் எல்லோரும் தனியாக எழுதிக்கொள்ளட்டும், எந்த மொழியில் என்றாலும் சரி. அடுத்த இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும். பிறகு ஜோடியாகப் பதில் கேளுங்கள். சொன்னது தவறாக இருந்தாலும் அது இருவரின் பதில். ஒருவர் தலைகுனிய வேண்டியதில்லை. ஒரு கேள்விக்கு இப்படி ஐந்தாறு நிமிடம் போய்விடும் என்பதால், மற்றப் பாடத்துக்கும் நேரம் விட்டால் ஒன்றரை மணி நேர வகுப்பில் மூன்று நான்கு கேள்விக்கு மேல் வைக்க முடியாது. எந்தக் கேள்வி அந்த நேரத்துக்குத் தகுதியானது என்று முந்தைய நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். இதைக் கெடுப்பது பயிற்றுநரின் பதற்றம்தான். அமைதியைத் தாங்க முடியாமல் அதே கேள்வியை வேறு வார்த்தையில் திரும்பக் கேட்பார். பாதி வழி மொழிபெயர்த்துவிட்டவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். கேட்க வேண்டியிருந்தால் அதே வாக்கியத்தை, அதே சொற்களில் கேளுங்கள்.

திருத்துவதிலும் இதே கவனம் வேண்டும். பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் நிறுத்தித் திருத்தினால் அவர் அடுத்த முறை பேசமாட்டார். காதில் விழுந்த பிழைகளில் ஐந்தாறை மட்டும் குறித்துவைத்து, பெயர் சொல்லாமல் அடுத்த வகுப்பில் பலகையில் போட்டு எல்லோருமாகத் திருத்துவது நல்ல வழி. வட்டார வழக்கைப் பிழைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வீட்டில் சொல்வது ஒரு பக்கம், அலுவலகக் கடிதத்தில் எழுதுவது ஒரு பக்கம் என்று இரண்டையும் அருகருகே எழுதினால் போதும். ஒருவர் அம்மாவிடம் பேசும் மொழியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, அவர் பண்பாட்டை மதிக்கிறோம் என்று சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருக்கும்போது

பொது அலுவலகத்தில் இதற்கு நேரம் ஒதுக்கத்தான் முதலில் மறப்பார்கள். ஒருவர் பேசி நிறுத்தி, பிறகு மற்றவர் மொழிபெயர்ப்பதென்றால் சந்திப்பு ஏறக்குறைய இரு மடங்கு நீளும். 20 நிமிடச் சந்திப்புக்கு 40 நிமிடம் ஒதுக்காவிட்டால் பாதியில் முடித்து அனுப்பவேண்டி வரும். வந்தவரைப் பார்த்து, "உங்களுக்கு எப்போதிலிருந்து வலி?" என்று நேராகக் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "அவருக்கு எப்போதிலிருந்து என்று கேளுங்கள்" என்றால், வந்தவர் தன் விஷயத்திலேயே மூன்றாம் மனிதர் ஆகிவிடுகிறார். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். தேதி, தொகை, மருந்தளவு ஆகியவற்றைத் தாளில் எழுதிக்காட்ட வேண்டும்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. தாயின் நோயையோ கடனையோ பத்து வயதுப் பிள்ளை வாயால் கேட்கவைப்பது இருவருக்கும் கொடுமை. பிள்ளை சங்கடமான பகுதியை விழுங்கிவிடவும் செய்யும். சொந்த ஊர்க்காரரே மொழிபெயர்ப்பாளராகக் கிடைத்தால் நல்லது என்று நினைப்போம். சிறிய சமூகமாக இருந்தால், சொன்னது மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே வாய் திறக்க மாட்டார்கள். உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவருக்கு, ஒரே மொழி பேசும் அந்த ஆள் எதிர்த்தரப்பாகவும் இருக்கலாம். அவரை ஏற்கிறீர்களா என்று முன்பே, தனியாகக் கேட்டுவிட வேண்டும்.

ஒன்றாக உட்கார வைத்தால் போதுமா

வேறுபட்டவர்கள் பழகினால் வெறுப்பு குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் இதற்கு நான்கு நிபந்தனை சொன்னார்: அந்தச் சூழலில் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒருவரை ஒருவர் நம்பிச் செய்யும் வேலை, அதிகாரத்தில் இருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு. 2006இல் பெட்டிக்ரூ, டிராப் என்ற உளவியலாளர்கள் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பழக்கம் பொதுவாக முன்முடிவைக் குறைக்கிறது என்றும், நிபந்தனைகள் இல்லாமலும் ஓரளவு குறைகிறது என்றும், அவை இருந்தால் கூடுதலாகக் குறைகிறது என்றும் தெரிந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் பண்பாட்டு விழாவை இந்த நான்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சாரார் மேடையில், மறு சாரார் நாற்காலியில். சேர்ந்து செய்யும் வேலை என்று எதுவும் இல்லை. விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் பெரிதாக ஏதாவது மாறும் என்று கணக்குப் போட வேண்டாம்.

உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், இனப் பிரிவினை நீக்கப்பட்ட பின் எழுந்த மோதலைத் தணிக்கத் தொடங்கிய 'ஜிக்சா' முறை இன்னும் பயனுள்ளது. வயதுவந்தோர் வகுப்பில், பாடம் வாடகை ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். 16 பேரை நால்வர் குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் பின்னணி கலந்திருக்கட்டும். வாடகையும் முன்பணமும், பழுது யார் பொறுப்பு, காலிசெய்ய அறிவிப்பு, தகராறு வந்தால் போகும் இடம் என்று பாடத்தை நாலாக்கி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒரே பகுதி கிடைத்தவர்கள் 15 நிமிடம் ஒன்றுகூடிப் படிக்கட்டும். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுக்கட்டும். கடைசியில் நான்கு பகுதியும் தெரிந்தால் மட்டுமே தீர்க்கக்கூடிய ஒரு வழக்கைக் கொடுங்கள். பேச்சில் தயங்குபவரிடமும் மற்ற மூவருக்குத் தேவையான ஒன்று இருக்கும். அதனால் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். எழுத்து வராதவருக்கு அவர் பகுதியைப் படமாகவோ ஒலிப்பதிவாகவோ கொடுக்க வேண்டும். இதை மறந்தால் அவரைக் குழுவே சுமையாகப் பார்க்கும், இருந்ததைவிட நிலைமை மோசமாகும்.

ஒருவரை அவருடைய சமூகத்தின் பிரதிநிதியாக்கி "உங்கள் ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?" என்று வகுப்பில் கேட்பதும் வேண்டாம். அவருக்கு அவர் கருத்து மட்டுமே தெரியும்.

எதுவரை விட்டுக்கொடுப்பது

எல்லாவற்றையும் ஏற்பதும் மரியாதை ஆகாது. கனடா உச்ச நீதிமன்றம் 1985இல், மத நம்பிக்கையால் சனிக்கிழமை வேலை செய்ய மறுத்த ஒரு கடை ஊழியரின் வழக்கில் ஓர் அளவுகோலைத் தந்தது: நிறுவனத்துக்கு மிகையான சுமை ஏற்படாத வரை, நியாயமான மாற்று ஏற்பாட்டைச் செய்துதர அது கடமைப்பட்டது. இந்த அளவுகோலின் நன்மை, கேள்வியை நம்பிக்கையிலிருந்து செலவுக்கும் வசதிக்கும் திருப்புவது. அந்த மதம் சரியா தவறா என்று மேலாளர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. வேலைநாளை மாற்றினால் யாருக்கு என்ன இழப்பு, வேறு ஆள் இருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

மறுபக்க எல்லையை யுனெஸ்கோ 2001 நவம்பரில் ஏற்ற பண்பாட்டுப் பன்மைப் பிரகடனத்தின் 4ஆவது பிரிவு வகுக்கிறது: பன்னாட்டுச் சட்டம் உறுதிசெய்த மனித உரிமைகளை மீறவோ குறுக்கவோ பண்பாட்டுப் பன்மையை யாரும் காரணம் காட்ட முடியாது. நடைமுறையில் கவனிக்க வேண்டியது, "எங்கள் வழக்கம்" என்று சொல்பவர் யார் என்பதை. மனைவி மாலை வகுப்புக்கு வருவது எங்கள் வழக்கமில்லை என்று கணவர் சொன்னால், அது அவருடைய கருத்து. மனைவியிடம் தனியாகக் கேட்காமல் பதிவேட்டில் பெயரை அடிக்கக் கூடாது.

சடங்கைச் சட்டமாக்குவது பெரும்பாலும் சறுக்கும். டென்மார்க்கில் 2019 முதல் குடியுரிமை விழாவில் கைகுலுக்குவது கட்டாயமாக்கப்பட்டது. எதிர்பாலினரைத் தொடத் தயங்குபவர்களை மனதில் வைத்தே அது வந்தது என்று விமர்சனம் எழுந்தது. 2020இல் கொரோனா வந்ததும் கைகுலுக்கல் ஆபத்தாகி, அந்த விழாக்களையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

வகுப்பு விதிகளிலும் "அனைவரையும் மதிப்போம்" என்ற வாசகம் தகராறு வந்தால் எதற்கும் உதவாது. இரு தரப்பும் அதையே மேற்கோள் காட்டுவார்கள். ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் பேசுவதில்லை, கருத்தை எதிர்க்கலாம் ஆனால் ஆளின் சாதி மத இனத்தை இழுப்பதில்லை, இங்கே சொன்ன சொந்த விஷயம் வெளியே போகாது என்று கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விதிகள் வேண்டும். இழிசொல் விழுந்தால் பயிற்றுநர் அந்த நிமிடமே பேச்சை நிறுத்தி விதியை நினைவூட்ட வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த அறையில் யார் பக்கம் பாதுகாப்பு என்பதை எல்லோரும் அதிலிருந்தே தெரிந்துகொள்வார்கள்.

புகார் வராது

வயதுவந்தவர்கள் மனம் நொந்தால் புகார் எழுத மாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள். ஆகவே பார்க்க வேண்டிய ஆவணம் ஆலோசனைப் பெட்டி அல்ல, வருகைப் பதிவேடு. மாதம் ஒருமுறை எந்தக் கிழமை, எந்தப் பாடம், எந்தப் பயிற்றுநர், எந்த மொழிக்காரர் என்று பிரித்துப் பார்த்தால் பல விஷயம் தெரியும். நோன்பு மாத மாலைகளில் ஒரு பகுதியினர் மட்டும் குறைகிறார்களா? இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாள் கொண்டது; சூரிய ஆண்டோடு ஒப்பிட்டால் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். போன ஆண்டு சரியாக இருந்த தேர்வுத் தேதி இந்த ஆண்டு பண்டிகையில் போய் விழும். எல்லாச் சமூகங்களின் நாட்களையும் ஓராண்டுக்கு முன்பே காலண்டரில் குறித்துவிட்டுத்தான் தேர்வு தேதி போட வேண்டும்.

இரண்டாவது நாள் வராதபோதே தொலைபேசியில் அழையுங்கள். ஒரு மாதம் கழித்து அழைத்தால் அவர் மனதளவில் விலகியிருப்பார். அழைப்பவர் வகுப்பு நடத்தும் பயிற்றுநராக இருக்க வேண்டாம், அவரே காரணமாக இருக்கலாம். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் வேலை, உடம்பு சரியில்லை என்பதுதான் பதிலாக வரும். "நேரத்திலோ இடத்திலோ நடத்தும் முறையிலோ எதை மாற்றினால் வர வசதியாக இருக்கும்?" என்று கேட்டால், சிலர் சற்று யோசித்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள். அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துவைத்து, பெயர் இல்லாமல் அடுத்த ஊழியர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.